டமாரமும் பச்சைக் கண்ணும்

அவருடைய பெயர் அவருக்கே மறந்துபோயிருக்கலாம். எல்லாருக்கும் அவர் டமாரம்தான். காது சுத்தமாகக் கேட்காதவரை டமாரச் செவிடு என்பார்கள் அல்லவா, அதில் செவிட்டை நறுக்கி எறிந்துவிட்டு மிச்சத்தை மட்டும் மரியாதையாக வைத்துக்கொண்டார்கள். அவரும் கோபித்துக்கொண்டதில்லை. "கூப்பிடுறது காதுல விழுந்தாதானே கோவம் வரும்?" என்று தெருமுனை வரை கேட்கும்படி சொல்லிச் சிரிப்பார். அவர் ரகசியம் பேசினாலும் தெருமுனை வரை கேட்கும்.

பெரிய நெசவாலை ஒன்றில் தறி மெக்கானிக் அவர். ஒரே கூரைக்குக் கீழே வரிசை வரிசையாகத் தறிகள் அடித்துக்கொள்ளும் இடத்தில் காது முதலில் இரையும், பிறகு வலிக்கும், அப்புறம் உன்னோடு எனக்கு என்ன பேச்சு என்று விலகிக்கொள்ளும். அவர் காதுகளும் அப்படித்தான் ஒவ்வொன்றாக விடைபெற்றன. அதற்காக ஆலையில் யாரும் பேசாமல் இருந்துவிடவில்லை. அந்த இரைச்சலில் காது கேட்கிறவனுக்கும் ஒன்றும் கேட்காது. அதனால் எல்லாருமே உதட்டால் பேசுவார்கள். வாயை அகலத் திறந்து, ஒவ்வொரு எழுத்தையும் உதட்டில் செதுக்கி, குரலே இல்லாமல் பேசுவார்கள். அந்தக் கோடியில் நிற்பவனுக்கு இந்தக் கோடியிலிருந்து முழுக் கதையும் சொல்லிவிடலாம். நடுவில் வேறு பக்கம் பார்த்து நிற்கும் மேஸ்திரிக்கு ஒரு சொல்லும் தெரியாது.

அவர் மனைவியும் அதே ஆலையில் நூல் சுற்றும் பகுதியில் இருந்தவர்தான். கல்யாணத்துக்கு முன்பு இருவரும் பேசியதெல்லாம் இரண்டு வரிசைத் தறிகளுக்கு மேலாக, உதட்டால். கல்யாணமான பிறகு சண்டையும் உதட்டால்தான். பக்கத்து வீடுகளில், இவர்களைப் போல ஒரு நாள்கூடச் சத்தம் போடாத தம்பதி உண்டா என்று தங்கள் பிள்ளைகளுக்கு எடுத்துக்காட்டுவார்கள். உள்ளே அந்த அம்மாள் இடுப்பில் கைவைத்து, வாயை இத்தனை அகலத்துக்குத் திறந்து அவரை வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருப்பது எடுத்துக்காட்டுகிறவர்களுக்கு எப்படித் தெரியும்? மகள் பிறந்ததும் அந்த அம்மாள் ஆலையை விட்டுவிட்டார். அதனால் அந்த அம்மாளின் காது தப்பியது.

காது போனதைப் பற்றி டமாரத்துக்குப் பெரிய குறை எதுவும் இல்லை, ஒன்றைத் தவிர. அவருக்கு எப்போதும் சிரிப்பு பிந்தித்தான் வரும்.

நான்கு பேர் கூடியிருக்கிற இடத்தில் ஒருவர் ஏதோ சொல்வார். எல்லாரும் சிரிப்பார்கள். மனைவி சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி உதட்டால் சொல்வார். மற்றவர்கள் அடுத்த பேச்சுக்குப் போன பிறகு இவர் மட்டும் தனியாக, கட்டடம் அதிரச் சிரிப்பார். உடனே இவரைப் பார்த்து எல்லாரும் மறுபடி சிரிப்பார்கள். "எனக்குச் சிரிப்பு பின்னாடி வர்ற வண்டியில வரும்" என்று அவரே கேலி பேசுவார். ஆனால் உள்ளுக்குள் அது சுருக்கென்று குத்தும். ஒரு தடவை முந்திக்கொள்ளலாம் என்று ஆசைப்பட்டுப் பார்த்தார். ஆலையில் ஒரு கூட்டம். எதிரே இருந்தவர்களின் முகமெல்லாம் சுருங்கி, தோள் குலுங்குவதைப் பார்த்ததும் இவரும் தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்துவிட்டார். அது ஓர் இரங்கல் கூட்டம். பேசியவர் இறந்தவரின் சொந்தத் தம்பி. அன்றைக்கு முகத்தை எங்கே கொண்டு வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திரும்பியவர், அதற்குப் பிறகு மனைவியின் உதடு அசையாமல் எதற்கும் சிரித்ததில்லை.

இப்படிப்பட்டவர் வீட்டில் ரேடியோ எதற்கு என்று கேட்பீர்கள். மனைவிக்காகத்தான் வாங்கினார். ஒரு போட்டோ ஸ்டுடியோக்காரர் கடையைக் காலி செய்தபோது அவரிடம் இருந்த பழைய வால்வு ரேடியோவை விலைக்குக் கேட்டு வாங்கிவந்தார். ஒரு ஆள் கட்டிப்பிடித்துத்தான் தூக்க முடியும். தேக்கு நிறப் பெட்டி, முன்னால் துணி, அதற்குக் கீழே ஊர்ப்பெயர்கள் எழுதிய கண்ணாடி. முதல் நாள் சுவிட்சைப் போட்டதும் மனைவி பாட்டு வருகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். டமாரத்துக்கு வேறொன்று கண்ணில் பட்டது. கண்ணாடிக்கு மேலே, ஒரு நாணயம் அளவு வட்டத்தில் மெல்லமெல்லப் பச்சை வெளிச்சம் ஊறி வந்தது. வட்டத்தின் ஒரு பக்கத்தில் மட்டும், அப்பளத்தில் ஒரு துண்டைக் கடித்துவிட்ட மாதிரி, கறுப்பாக ஒரு பிளவு இருந்தது. மனைவி குமிழைத் திருகினார். பிளவு சுருங்கியது. இன்னும் திருகினார், விரிந்தது.

"ஏய், நில்லு! இது என்னது?" என்று அவர் போட்ட கூச்சலில் ஸ்டுடியோக்காரர் மட்டும் கேட்டிருந்தால் ரேடியோவைத் திருப்பி வாங்கிக்கொள்ள ஓடிவந்திருப்பார்.

அதன் வேலை அவருக்குச் சீக்கிரமே பிடிபட்டது. நிலையம் எதுவும் அகப்படாதபோது கண் திறந்து முழிக்கும். நிலையத்துக்குச் சரியாக நேரே வந்து நின்றால் பிளவு கோடாக ஒடுங்கி, கண் மூடிவிடும். அன்றிலிருந்து அந்தக் குமிழ் அவர் கைக்கு வந்துவிட்டது. மனைவிக்குப் பொறுமை கிடையாது. பாட்டு கொஞ்சம் இரைச்சலோடு வந்தாலும் போதும் என்று விட்டுவிடுவார். இவர் விடமாட்டார். தறியில் நூலுக்கு இழுவை வைப்பது போல ஒரு மயிரிழை இப்படி, ஒரு மயிரிழை அப்படி என்று திருகி, கண் ஒட்டி மூடும் இடத்தில் கொண்டுவந்து நிறுத்துவார். அப்போது பாட்டு கண்ணாடி போல இருக்கும் என்று மனைவி ஒப்புக்கொள்வார். மாலையில் நாடகம் நடக்கும்போது மனைவி எதிரே உட்கார்ந்து ஒவ்வொரு வசனத்தையும் உதட்டால் சொல்லிக்கொண்டே வருவார். கேட்பது அவர், பிடித்துக் கொடுப்பது இவர். இப்படி இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ரேடியோ கேட்டார்கள்.

மகள் இந்த வீட்டில்தான் பேசக் கற்றாள். அப்பாவுக்காக வாய் நிறைய, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் இடம் விட்டுப் பேசிப் பழகியவள். பள்ளிக்கூடத்தில் இதற்காகவே அவளைக் கிண்டல் செய்தார்கள். வளர்ந்த பிறகு பக்கத்து ஊர் வானொலி நிலையத்தில் அறிவிப்பாளர் வேலைக்குக் குரல் தேர்வு வைத்தபோது, அந்தப் பேச்சுதான் அவளுக்குக் கைகொடுத்தது. இத்தனை தெளிவாகப் பேச யார் கற்றுக்கொடுத்தது என்று கேட்டார்களாம். காது கேட்காத எங்கப்பா என்றாளாம். கேட்டவர் இவள் தன்னை நையாண்டி செய்கிறாள் என்று முகத்தைச் சுளித்தாராம். ஆனாலும் வேலை கிடைத்துவிட்டது.

இன்னொன்றையும் இங்கே சொல்லிவிட வேண்டும். பேசும்போது இத்தனை நிதானமாக இருப்பவளுக்கு வாய் குழறிவிட்டால் மட்டும் சிரிப்பை அடக்கத் தெரியாது. சட்டென்று நின்றுவிடுவாள். பிறகு தோள் மூன்று தரம் குலுங்கும், கொஞ்சம் நிற்கும், மறுபடி மூன்று தரம் குலுங்கும். அந்தச் சிரிப்பை டமாரம் கேட்டதில்லை. தோளில் பார்த்திருக்கிறார்.

வேலையில் சேர்ந்து பயிற்சி முடிந்ததும் மகள் வீட்டுக்கு வந்தாள். கட்டிலில் அப்பாவுக்கு எதிரே உட்கார்ந்து, உதட்டால் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை காலையில ஸ்டேஷனைத் திறக்கிறதே நான்தாம்ப்பா. முதல் குரல் என்னோடது. நீங்க முள்ளை எங்க ஸ்டேஷன்ல வச்சுட்டுக் கண்ணையே பாத்துக்கிட்டு இருங்க. கண்ணு எப்ப மூடுதோ, அப்ப நான் வந்துட்டேன்னு அர்த்தம்."

"மூடின உடனே பேசுவியா?"

"உடனே."

டமாரம் அன்றைக்குத் தெருவில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் இதை ரகசியமாகச் சொன்னார். ஊருக்கே தெரிந்துபோயிற்று.

வியாழக்கிழமை மாலை ரேடியோவைப் போட்டார். பச்சை ஊறியது. குமிழைத் திருகினார். கண் மூடவில்லை. இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை முள்ளை ஓட்டிப் பார்த்தார். பிளவு விரிந்தது விரிந்தபடியே இருந்தது. திட்டு வாங்கிய பிள்ளை மாதிரி அது முழித்துக்கொண்டே நின்றது.

"பாட்டு வருது" என்றார் மனைவி உதட்டால். "நல்லாத்தான் வருது."

"கண்ணு மூட மாட்டேங்குது!"

"மூடாட்டிப் போவுது. ஞாயித்துக்கிழமை நான் காதால கேட்டு உங்களுக்குச் சொல்றேன். எப்பவும் சொல்றதுதானே?"

எப்பவும் சொல்வதுதான். அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. மகளின் முதல் சொல்லும் பின்னால் வரும் வண்டியில்தான் வர வேண்டுமா? பெற்ற பெண் காற்றில் ஏறி வீட்டுக்கு வரும்போது, அவள் வந்துவிட்டாள் என்பதுகூட இன்னொருவர் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? அவர் சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

மறுநாள் ஆலைக்கு லீவு போட்டுவிட்டு, ரேடியோவைப் போர்வையில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தார். அங்கே ரேடியோ, மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி என்று எது கெட்டாலும் பார்க்கும் மெக்கானிக் ஒருவர் உண்டு. நல்ல வேலைக்காரர்தான். ஆனால் எந்த ரேடியோவைக் கொண்டுபோனாலும் "சத்தம் வருதில்ல?" என்பார். முள் ஓடவில்லை, குமிழ் உடைந்தது, பெட்டி பிளந்தது என்று என்ன சொன்னாலும் "சத்தம் வருதில்ல?" அதனால் அவருக்கு வருதில்ல என்றே பெயர். டமாரம் அவரிடம் போய் நின்றால் எப்படி இருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

வருதில்ல எப்போதும் இரண்டு திருகாணிகளை உதட்டில் கவ்விக்கொண்டுதான் வேலை பார்ப்பார். அவர் ஏதோ சொன்னார். டமாரம் கையை நீட்டி, அவர் உதட்டிலிருந்து திருகாணிகளைப் பிடுங்கி மேசைமேல் வைத்தார்.

"இப்ப சொல்லு தம்பி."

வருதில்ல பேந்தப் பேந்த முழித்துவிட்டு மறுபடி சொன்னார். "சத்தம் வருதில்லண்ணே?"

"எனக்கு எங்கடா வருது சத்தம்?"

கடைக்குள் இருந்த வாடிக்கையாளர் ஒருவர் சிரித்துவிட்டார். வருதில்லவுக்கு அசடு வழிந்தது. பின்பலகையைக் கழற்றி எட்டிப் பார்த்தார். "கண்ணுக்குள்ள இருக்கிறதும் ஒரு வால்வுதாண்ணே. அது போயிருக்கும். இப்பல்லாம் அது கிடைக்கிறது குதிரைக்கொம்பு. பேசாம ஒரு கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுடுவோமா?"

டமாரம் அவரைப் பார்த்த பார்வையில் ஸ்டிக்கர் பேச்சு அத்தோடு நின்றது.

அந்த அம்மாள் சொன்னார், இவர் சொன்னார் என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை அவர். தறி ஒன்று மக்கர் செய்தால் அதன் முன் குந்தி உட்கார்ந்து, குற்றவாளி தானாக வந்து ஒப்புக்கொள்ளும் வரை எழமாட்டார். நேரே பழைய இரும்புக் கடைக்குப் போனார். குப்பை மலையில் பாதி நாள் தேடி, பெட்டி உளுத்து, உள்ளே எலி குடித்தனம் செய்த ரேடியோ ஒன்றைக் கண்டுபிடித்தார். அதன் கண் மட்டும் உடையாமல் இருந்தது. அதே அளவு, அடியில் அதே எண்ணிக்கைக் கால்கள். பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஓட்டமும் நடையுமாகக் கடைக்கு வந்தார்.

அதை மாட்டிப் பார்த்தார்கள். பச்சை கொஞ்சம் மங்கல். ஆனால் இதுவும் அதே மாதிரி விரிந்து முழித்தது. முள்ளை எங்கே வைத்தாலும் மூடவில்லை.

"எலி வீட்டுக் கண்ணு, அதுவும் போனதா இருக்கும்" என்றார் வருதில்ல.

"ரெண்டு கண்ணும் ஒரே மாதிரியா போவும்? தறியில குறுக்க ஓடுற நாடாவை மாத்தின பிறகும் நூல் அறுந்தா, நாடாவை ஏன் திட்டுறே? வேற எங்கயோ இருக்கு."

வருதில்ல முதல் தடவையாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவருக்குள்ளும் ஒரு மெக்கானிக் தூங்கிக்கொண்டுதான் இருந்தான், எழுப்பத்தான் ஆள் இல்லை. வால்வு செருகும் சாக்கெட்டைக் கழற்றினார். அதற்குள், வெளியே தெரியாத இடத்தில், அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிய ரெசிஸ்டர் ஒன்று ஒளிந்திருந்தது. "இவன் செத்தாலும் கண்ணு மூடாதுண்ணே. பல செட்டுல இவன்தான் திருடன்." மீட்டரை வைத்தார். முள் சரியான இடத்தில் போய் நின்றது. திருடன் நிரபராதி.

இரண்டு பேர் முகத்திலும் ஈயாடவில்லை. பொழுது சாய்ந்துவிட்டது. டமாரம் ரேடியோவை மறுபடி மார்போடு அணைத்துக்கொண்டு வீடு திரும்பினார். வழியில் எதிர்ப்பட்ட ஒருவர் மகளைப் பற்றி ஏதோ விசாரித்தார் போலிருக்கிறது. இவர் உதட்டைப் பார்க்காமலே தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை மதியம் கதவைத் திறந்தால் வாசலில் வருதில்ல நின்றார். கையில் மீட்டர், ஈயம் பற்றவைக்கும் கருவி, சின்ன டிரான்சிஸ்டரில் போடும் சதுர பேட்டரி. உதட்டில் திருகாணி இல்லை.

"ராத்திரி பூரா தூக்கம் இல்லண்ணே. ஒண்ணு தோணுச்சு. கண்ணு நல்லாருக்கு. அதுக்குத் தகவல் போவலையோ?"

பின்பலகையைக் கழற்றி, கண் தெரியும்படி ரேடியோவை மேசைமேல் பக்கவாட்டில் சாய்த்து வைத்து, சுவிட்சைப் போட்டார்கள். இதில் மின்சாரம் கடிக்கும் இடங்கள் உண்டு. டமாரம் ஆலை வழக்கப்படி இடது கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டார். ஒரு கையை மட்டும் நீட்டினால் மின்சாரத்துக்கு உடம்பில் புகுந்து மறுபக்கம் போக வழி இருக்காது. மனைவி அடுப்படி வாசலில் நின்றபடி, உசுரோட விளையாடாதீங்க என்று உதட்டால் சொன்னார். இவர் அதைப் பார்க்காத மாதிரி இருந்துகொண்டார். காதில் போட்டுக்கொள்ளாமல் இருக்க மற்றவர்களுக்குக் காது வேண்டும். இவருக்கு முகத்தைத் திருப்பினால் போதும்.

வருதில்ல பேட்டரியின் ஒரு முனையை, சாமான்கள் எல்லாம் பூட்டியிருந்த அடித்தகட்டில் வைத்தார். மறுமுனைக் கம்பியை டமாரத்திடம் கொடுத்து, கண்ணுக்குத் தகவல் வந்து சேரும் காலைக் காட்டினார். டமாரம் அதில் தொட்டார்.

கண் படக்கென்று மூடியது.

"மூடிச்சு! மூடிச்சுடி!" என்று அவர் போட்ட கூச்சலில் அடுத்த வீட்டுக்காரர் மூடியது எது என்று கேட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டார். கம்பியை எடுத்தால் திறந்தது. வைத்தால் மூடியது. டமாரம் சின்னப் பிள்ளை போல வைத்து வைத்து எடுத்தார். கண்ணில் ஒரு கோளாறும் இல்லை. அது தன் வேலையைச் செய்யக் காத்துக்கொண்டுதான் இருந்தது. நிலையம் வந்திருக்கிறது என்று அதற்குச் சொல்ல வேண்டியவன்தான் சொல்லவில்லை. சொன்னால்தான் தெரியும் என்கிற பிழைப்பு எப்படிப்பட்டது என்று டமாரத்துக்குத் தெரியாதா? அந்தப் பச்சைக் கண்மேல் அவருக்கு அப்படி ஒரு பாசம் பொங்கியது.

இனி பாதை சின்னதுதான். நிலையத்திலிருந்து வரும் தகவல் கண்ணுக்குப் போகிற வழியில் இரண்டே இரண்டு சாமான்கள்: ஒரு ரெசிஸ்டர், ஒரு கண்டென்சர். ரெசிஸ்டரை மீட்டர் நல்லவன் என்றது. மெழுகு பூசிய பழைய கண்டென்சர் ஒன்று மிச்சம். அதன் ஒரு முனையில் மெழுகு உருகி வழிந்திருந்தது.

"இது என்ன பண்ணும்?" என்று கேட்டார் டமாரம்.

வருதில்ல யோசித்துவிட்டு, அவர் முகத்துக்கு நேரே வந்து நிறுத்திச் சொன்னார். "இது தண்ணித் தொட்டி மாதிரிண்ணே. ஸ்டேஷன்லேருந்து வர்றது அலையடிச்சுக்கிட்டு வரும். பேசுறவன் குரலும் அதுல கலந்து குதிக்கும். நேரா கண்ணுக்கு விட்டா கண்ணு ஆடும். அதான் நடுவுல தொட்டி. அலை அடங்கி அமைதியா போவும். இப்ப தொட்டியில ஓட்டை. வர்றது அவ்வளவும் ஒழுகிப்போவுது."

"அப்ப தொட்டியைக் கழட்டு."

"புதுசு மாட்டணும்ண்ணே."

"முதல்ல கழட்டு. இவன்தானான்னு தெரியட்டும்."

சுவிட்சை அணைத்து, கண்டென்சரின் ஒரு காலைச் சூடு வைத்து விடுவித்தார்கள். மறுபடி போட்டார்கள். பச்சை ஊறி வரும் வரை எல்லாரும் அந்த வட்டத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். டமாரம் குமிழைத் திருகினார். பிளவு சுருங்கியது, இன்னும் சுருங்கியது, ஒட்டி மூடியது.

மூடியது மட்டுமா? மூடிய ஓரம் துடித்தது. பச்சை இதழ்கள் இரண்டும் ஒன்றையொன்று தொட்டுத்தொட்டு விலகின. கொஞ்சம் நின்றன. மறுபடி படபடவென்று துடித்தன.

வருதில்ல நெற்றியில் தட்டிக்கொண்டார். "பாத்தீங்களா, ஆடுது. இப்படி ஆடக் கூடாது. என்கிட்ட புது கண்டென்சர் இருக்கு. ஒரு நிமிஷம், போட்டுட்டா சிலை மாதிரி நிக்கும்." அவர் சட்டைப்பையில் கைவிட்டார்.

டமாரம் கண் கொட்டாமல் பச்சையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துடித்தது. நின்றது. துடித்தது. அவர் மெதுவாக மனைவி பக்கம் திரும்பி, வாழ்க்கையில் முதல் தடவையாக நிஜமாகவே தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இப்ப யாரோ பேசுறாங்களா?"

"ஆமா. செய்தி."

"இரு, சொல்லாத." அவர் கண்ணையே பார்த்தார். "பேசுறான். பேசுறான். நிறுத்திட்டான். மூச்சு விடுறான். மறுபடி ஆரம்பிச்சுட்டான். சின்னதா ஒரு வார்த்தை. நீளமா ஒண்ணு. முடிச்சுட்டான்."

மனைவி வாயைப் பிளந்துகொண்டு ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். ஒன்றுகூடத் தப்பவில்லை. என்ன பேசினான் என்பதுதான் தெரியாது. எப்போது வாய் திறந்தான், எப்போது மூடினான் என்பது அவர் கண்முன்னால் பச்சையாக எழுதிக்கொண்டு போயிற்று.

வருதில்ல புதுக் கண்டென்சரோடு குனிந்தார். டமாரம் தன் அகன்ற கையைப் பெட்டியின் திறப்பின்மேல் விரித்து அடைத்துக்கொண்டார்.

"தொட்டியே வேண்டாம்டா தம்பி. எனக்கு அலைதான் வேணும்."

"அது கோளாறுண்ணே! பாக்கிறவங்க என் வேலையைத்தான் கேவலமா பேசுவாங்க."

"சத்தம் வருதில்ல?" என்றார் டமாரம்.

குனிந்திருந்த வருதில்ல தலையைத் தூக்கிப் பார்த்தார். கடைத்தெரு முழுக்கத் தான் விற்ற சரக்கு தனக்கே திரும்பி வரும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. பிறகு விழுந்து விழுந்து சிரித்தார். தங்கக் காசை மறைப்பது போலப் புதுக் கண்டென்சரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, பின்பலகையைத் தானே மாட்டிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் டமாரம் குளித்து, ஆலை விழாக்களுக்கு மட்டும் எடுக்கும் வெள்ளைச் சட்டையைப் போட்டுக்கொண்டு ரேடியோவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். ரேடியோவில் மகள் தெரியப்போவதில்லை, மகளுக்குச் சட்டை தெரியப்போவதில்லை. அதனால் என்ன? வருதில்ல சுவரோரம் தரையில் சப்பணமிட்டிருந்தார். தன் வேலை ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க வந்ததாகச் சொன்னார். அந்த அம்மாள் வழக்கமான இடத்தில், கணவர் முகத்துக்கு நேரே, உதடுகளைத் தயாராக வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

முள் மகளின் நிலையத்தில் நின்றது. அங்கே இன்னும் யாரும் இல்லை. கண் அகலத் திறந்து முழித்தது. டமாரம் நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

பிளவு அசைந்தது. கதவைச் சாத்துவது போலப் பச்சை இரண்டு பக்கமும் நகர்ந்து வந்து ஒட்டியது.

"வந்துட்டா" என்றார் டமாரம். மனைவியின் உதடு இன்னும் அசைந்திருக்கவில்லை. காதில் இன்னும் ஒன்றும் விழவில்லையே, அவர் எதைச் சொல்வார்?

அலை வந்துவிட்டது, குரல் இன்னும் வரவில்லை. பிறகு பச்சை துடித்தது. கொஞ்சமாக ஒரு துடிப்பு, நிறுத்தம். நீளமாக ஒன்று, நிறுத்தம். வாய் நிறைய, எழுத்துக்கு எழுத்து நிறுத்தி, வாக்கியத்துக்கு வாக்கியம் இடம் விட்டு. செய்தி வாசித்தவன் இப்படித் துடிக்கவில்லை. உலகத்தில் வேறு யாரும் இப்படிப் பேசமாட்டார்கள். கட்டிலில் எதிரே உட்கார்ந்து அப்பாவுக்கென்று பேசிப் பழகிய பேச்சு அது. அது இப்போது பச்சை நிறத்தில் அவர் முன்னால் நடந்துகொண்டிருந்தது. மனைவி உதட்டால் சொல்லிக்கொண்டுதான் இருந்தார். இன்றைய நிகழ்ச்சிகள், இத்தனை மணிக்கு இது, அத்தனை மணிக்கு அது. டமாரம் ஒரு கண்ணால் மனைவியைப் பார்த்தார், இன்னொரு கண்ணை மகளிடமிருந்து எடுக்கவில்லை.

திடீரென்று துடிப்பு நின்றது. வாக்கியம் முடியாத இடத்தில், பாதியில், கத்தரித்தது போல நின்றது.

பச்சை சிலையாக இருந்தது. டமாரம் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டார்.

பிறகு சின்னதாக, வேகமாக, மூன்று துடிப்பு. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று.

டமாரம் சிரித்தார். கூரை அதிர, தொடையைத் தட்டிக்கொண்டு, கண்ணில் நீர் தளும்பச் சிரித்தார். மகளுக்கு வாய் குழறிவிட்டது. பெரிய மனுஷி, நிலையத்தையே திறக்க வந்தவள், அத்தனை பேர் கேட்கும்போது வாய் குழறி, அடக்க முடியாமல் சிரிக்கிறாள். அந்தத் தோள் அங்கே, எத்தனையோ தூரத்தில், மூன்று மூன்றாகக் குலுங்குகிறது.

மனைவியும் சிரித்தார். வருதில்லவும் சிரித்தார். மூன்று பேர் சிரிப்பும் ஒன்றாகக் கலந்து அந்தச் சின்ன அறையை நிறைத்தது. அப்போதுதான் அந்த அம்மாளுக்கு உறைத்தது. சிரித்த வாய் அப்படியே நிற்க, கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் இன்னும் சொல்லவே இல்லையே" என்றார் உதட்டால். "உங்களுக்கு யாருங்க சொன்னா?"

டமாரம் கண்ணைக்கூடத் துடைத்துக்கொள்ளாமல், ரேடியோவின் பச்சைக் கண்ணை நோக்கிக் கையை நீட்டினார்.

"அவதான் சொன்னா" என்றார்.